பத்து நானோ செகண்டை எடை போடுறது எப்படி?

பிசிக்ஸ் படிக்கிறவங்ககிட்ட ஊர்ல பொதுவா மூணு கேள்விதான் கேப்பாங்க. "எங்க வீட்டு இன்வெர்ட்டரைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?", "பிளாக் ஹோலுக்குள்ள போனா என்ன ஆகும்?", "இதைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவ?". மூணுக்குமே எங்கிட்ட உருப்படியான பதில் கிடையாது. எங்கிட்ட பதில் இருக்கிற ஒரே மேட்டரை யாரும் கேட்கவே மாட்டேங்கறாங்க. சரி, கேட்கலன்னா என்ன, நானே எழுதிடறேன்னு உட்கார்ந்துட்டேன். (ஒருத்தங்க மட்டும் கேட்டாங்க. அந்தக் கதை பாதிக்கு மேல வருது, பொறுமையா படிங்க.)

மேட்டர் இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். அது வர்றதும் போறதும் ஒரு செகண்டுல பத்து கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். அதுல எவ்வளவு ஆற்றல் இருந்துச்சுன்னு எப்படி அளக்கறது? அளக்கற கருவி சரியா சொல்லுதான்னு எதை வெச்சுப் பார்க்கறது?

பயப்படாதீங்க, சமன்பாடு கிடையாது. பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

முதல்ல ஆள் அறிமுகம். நம்ம கண்ணுக்கு ஊதா நிறம் சுமார் 400 நானோமீட்டர் அலைநீளத்தோட முடிஞ்சுடுது. அதுக்குக் கீழ 100 நானோமீட்டர் வரைக்கும் இருக்கிறதுதான் புற ஊதா. 315லேருந்து 400 வரை ஏ, 280லேருந்து 315 வரை பி, அதுக்குக் கீழ சி. சூரியன்லேருந்து வர்ற சி வகையை வளிமண்டலம் தடுத்துடுது. ஆனா மனுஷன் அதை லேப்ல, ஃபேக்டரியில, ஆஸ்பத்திரியில தானே தயாரிக்கிறான். அதுல ஒரு பகுதி தொடர்ச்சியா எரியற விளக்கா இல்லாம, பல்ஸ் பல்ஸா வருது. நைட்ரஜன் லேசர்னா 337 நானோமீட்டர். எக்சைமர் லேசர்ல கிரிப்டான் ஃபுளூரைடு 248, ஆர்கான் ஃபுளூரைடு 193. எல்லாமே சில நானோ செகண்டுலேருந்து சில பத்து நானோ செகண்டு நீளமுள்ள பல்ஸ்தான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு பல்ஸ்ல 1 மில்லி ஜூல் ஆற்றல் இருக்குன்னு வெச்சுக்குங்க. 1 மில்லி ஜூல்னா ஒண்ணுமே இல்ல. ஒரு கிராம் எடையுள்ள பொருள் பத்து சென்டிமீட்டர் உயரத்துலேருந்து விழுந்தா வர்ற ஆற்றல். செகண்டுக்கு 10 பல்ஸ் வந்தா சராசரி பவர் 10 மில்லி வாட். ஒரு சின்ன எல்.ஈ.டி. அளவுக்குக்கூடத் தேறாது.

ஆனா அந்த 1 மில்லி ஜூல் 10 நானோ செகண்டுக்குள்ள வந்துடுது. வகுத்துப் பாருங்க. 100 கிலோவாட்! நம்ம தெருவுல இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தாங்கற அளவு. அதாவது ஒரே வெளிச்சத்துக்கு ரெண்டு முகம். சராசரியாப் பார்த்தா பூனை, பல்ஸ் இருக்கிற அந்த நொடித்துளியில மட்டும் பார்த்தா புலி. எல்லாத் தலைவலியும் இங்கதான் ஆரம்பிக்குது.

ஏன் தலைவலி? டவுன் பஸ் கண்டக்டரை நினைச்சுக்குங்க. ஸ்டாப்புக்கு ஒருத்தர், ரெண்டு பேருன்னு நாள் பூரா அறுபது பேர் ஏறினா, அறுபது டிக்கெட்டும் கரெக்டா கிழிச்சிடுவார். அதே அறுபது பேரும் காலேஜ் விடற நேரத்துல ஒரே ஸ்டாப்புல ரெண்டு படியிலயும் ஏறினா? அடுத்த ஸ்டாப்புல பாதிப் பேர் இறங்கிப் போயிடுவாங்க. ராத்திரி டெப்போவுல கணக்குப் பார்த்தா நாற்பது டிக்கெட்தான் இருக்கும். கண்டக்டர் நேர்மையானவர்தான். பார்க்கற வேகம்தான் பத்தல. கணக்குல அந்த இருபது பேர் பயணமே பண்ணல.

வெளிச்சத்தை அளக்க நாம சாதாரணமா வைக்கிற சிலிக்கான் ஃபோட்டோ டையோடு அந்தக் கண்டக்டர்தான். வெளிச்சம் விழுந்தா கரண்ட் வரும், வெளிச்சம் ரெட்டிப்பானா கரண்டும் ரெட்டிப்பாகும். இந்த நேர் விகிதம்தான் அதோட பெருமை. பல லட்சம் மடங்கு வித்தியாசம் வரைக்கும் அது தாங்கும். ஆனா பல்ஸ்ல?

எங்க புராஜெக்ட்டுல வந்த எண்களையே போடறேன். எங்ககிட்ட இருக்கிறது ஒரு சின்ன நைட்ரஜன் லேசர். உள்ள ஒரு ஸ்பார்க் கேப். ஓடும்போது டப் டப்னு சத்தம் வரும், பக்கத்து லேப்காரங்க வந்து சண்டை போடுவாங்க. ஒரு பல்ஸ் சுமார் 100 மைக்ரோ ஜூல், நீளம் சுமார் 5 நானோ செகண்டு. அதாவது உச்சத்துல 20 கிலோவாட். சிலிக்கான் டையோடு இந்த அலைநீளத்துல ஒரு வாட்டுக்கு 0.1 ஆம்பியர் தரும்னு குத்துமதிப்பா வெச்சுக்கிட்டா, நேர் விகிதப்படி வரவேண்டிய கரண்ட் 2000 ஆம்பியர்.

2000 ஆம்பியர்! வெல்டிங் மெஷின்கூட சில நூறு ஆம்பியர்லயே இரும்பை உருக்குது. நம்ம டையோடு ஒரு 9 வோல்ட் பேட்டரியில, 50 ஓம் ரெசிஸ்டன்ஸ் வழியா சி.ஆர்.ஓ.வுக்குப் போகுது. 9ஐ 50ஆல வகுத்தா 0.18 ஆம்பியர். இதுக்கு மேல அந்த சர்க்யூட்டுல கரண்ட் ஓட வழியே இல்ல. மிச்சமெல்லாம் உள்ளயே தேங்கி, எலக்ட்ரானும் துளையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து காணாமப் போகும், இல்லன்னா பல்ஸ் முடிஞ்ச பிறகு மெதுவா வழிஞ்சு வரும். சி.ஆர்.ஓ. திரையில அழகா ஒரு மலை தெரியும். "ஆஹா, பல்ஸ் வந்துடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம். வெளிச்சத்தைப் பாதியாக் குறைங்க, மலை அதே உயரத்துல நிக்கும். அப்பதான் புரியும், திரையில தெரியற உயரத்தைப் பேட்டரிதான் தீர்மானிச்சிருக்கு, லேசர் இல்லன்னு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. வெளிச்சத்தைத் தெரிஞ்ச விகிதத்துல குறைச்சுக்கிட்டே போய், டிடெக்டர் சொல்றதும் அதே விகிதத்துல குறையுதான்னு பார்க்கணும். ஆனா புற ஊதாவுல சாதாரண ஃபில்டர் கண்ணாடியை நம்ப முடியாது. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒவ்வொரு மாதிரி உறிஞ்சும், கீழ்ப்பக்கம் போகப்போக மொத்தமா அடைச்சுடும். இதுக்கு நல்ல வழி கம்பி வலை. ஆமாங்க, ஹார்டுவேர் கடையில விக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சல்லடை வலைதான். ஓட்டை வழியா போறது போகும், கம்பியில படறது நின்னுடும். எந்த அலைநீளமா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே விகிதம். நாங்க வேற வேற நெருக்கத்துல நாலு வலை வாங்கினோம். கடைக்காரர் "என்ன தம்பி, மாவு சலிக்கவா?"ன்னு கேட்டார். "வெளிச்சம் சலிக்க"ன்னு சொன்னா நம்பியிருக்க மாட்டார். :-)

வலையை மாத்தி மாத்திப் போட்டு கிராஃப் போட்டா கோடு ஆரம்பத்துல நேரா போகும், கொஞ்ச தூரத்துல வளைஞ்சு படுத்துக்கும். அந்த வளையற இடம்தான் டையோடோட எல்லை. எல்லைக்குக் கீழ வெச்சு அளந்தா நம்பலாம்.

சரி, நேர்கோடு கிடைச்சா போதுமா? போதாது. நேர்கோடு "இது அதைவிட ரெண்டு மடங்கு"ன்னுதான் சொல்லும். "இது இத்தனை ஜூல்"னு சொல்லாது. அதுக்கு வேற ஆள் வேணும்.

அந்த ஆள் வெப்பம். வெளிச்சம் எவ்வளவு வேகமா வந்தாலும் சரி, ஒரு பொருள் அதை முழுசா உறிஞ்சிக்கிட்டா ஆற்றல் அத்தனையும் வெப்பமாயிடும். வெப்பத்துக்கு அவசரமே கிடையாது. பத்து நானோ செகண்டுல வந்ததை நாம நிதானமா ஒரு நிமிஷம் உட்கார்ந்து அளக்கலாம்.

இதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு பைரோ எலக்ட்ரிக் டிடெக்டர். லித்தியம் டாண்டலேட் மாதிரி சில படிகங்கள் சூடு மாறும்போது ரெண்டு பக்கமும் மின்னூட்டம் காட்டும். கவனிங்க, சூடு இருக்கும்போது இல்ல, மாறும்போது. அதனால தொடர்ச்சியான வெளிச்சத்துக்கு அது சும்மா இருக்கும், பல்ஸ் வந்தா துள்ளும். ஒவ்வொரு பல்ஸையும் தனித்தனியா அளக்க இதுதான் வசதி. ஆனா இதுவும் தானா ஜூல் சொல்லாது, யாராவது அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும்.

சொல்லிக் கொடுக்கிற வாத்தியார்தான் ரெண்டாவது ஜாதி, கலோரிமீட்டர். வெளிச்சத்தை விழுங்கற ஒரு குழி, அதுக்குள்ளயே ஒரு சின்ன ஹீட்டர் கம்பி, கூடவே ஒரு வெப்பமானி. முதல்ல லேசரை ஒரு குறிப்பிட்ட நேரம் குழிக்குள்ள விடறோம். சூடு இத்தனை ஏறுச்சு. ஆற விடறோம். அப்புறம் லேசரை நிறுத்திட்டு, ஹீட்டர்ல கரண்ட் விட்டு அதே அளவு சூடு ஏத்தறோம். வோல்ட், ஆம்பியர், செகண்டு மூணையும் பெருக்கினா ஜூல். சூடு ரெண்டுக்கும் ஒண்ணுன்னா வெளிச்சத்தோட ஜூலும் அதேதான். மளிகைக் கடைத் தராசு மாதிரி, ஒரு தட்டுல சரக்கு, இன்னொரு தட்டுல படிக்கல். இங்க படிக்கல் மின்சாரம்.

இந்த ஐடியா 1890களிலேயே வந்துடுச்சு. சுவீடன்ல ஆங்ஸ்ட்ராம், ஜெர்மனியில குர்ல்பாம், ரெண்டு பேரும் தனித்தனியா பண்ணினாங்க. 1985ல பிரிட்டன்ல குவின், மார்ட்டின்னு ரெண்டு பேர் இதையே திரவ ஹீலியம் குளிர்ல வெச்சு ஸ்டெஃபான் போல்ட்ஸ்மான் மாறிலியை அளந்தாங்க. அந்த வகைக் கருவிகள் இன்னிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியம் தருது. ஆனா அதெல்லாம் மென்மையான, தொடர்ச்சியான வெளிச்சத்துக்கு. எக்சைமர் பல்ஸை அப்படியே உள்ள விட்டா கறுப்புப் பூச்சே பெயர்ந்து வந்துடும். அதனால பல்ஸ் லேசர்களுக்குன்னே தனி கலோரிமீட்டர் கட்ட வேண்டியிருந்துச்சு. அமெரிக்காவோட தேசிய அளவியல் நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. கொலராடோவுல போல்டர் நகரத்துல 248, 193 நானோமீட்டர் லேசர்களுக்குன்னு கட்டினது அப்படித்தான். அங்க ஒரு சதவீதம் கிட்ட பிழை வந்தாலே நல்ல அளவுன்னு அர்த்தம். குளிர்ல வெச்ச கருவியோட துல்லியம் எங்க, இது எங்க!

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? சிப். 1982ல ஐ.பி.எம்.ல காந்தி ஜெயின், வில்சன், லின் மூணு பேரும் எக்சைமர் லேசரை வெச்சு சிப்புக்கான நுண்கோடு வரைஞ்சு காட்டினாங்க. அதுக்கப்புறம் 248, பிறகு 193ன்னு அந்தத் தொழிலே இந்த வெளிச்சத்துக்கு மாறிடுச்சு. சிப்புல கோட்டோட அகலம் விழற ஆற்றலைப் பொறுத்தது. அதிகமானா ஒரு அகலம், குறைஞ்சா ஒரு அகலம். நீங்க இதைப் படிக்கிற போனுக்குள்ளயும் யாரோ சரியா அளந்த மில்லி ஜூல் இருக்கு.

இப்ப டிடெக்டரைக் கலோரிமீட்டரோட ஒப்பிடணும். இங்க ஒரு சிக்கல், லேசர் பல்ஸ் ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி வராது. ஒண்ணு கூட, ஒண்ணு குறைய. முதல்ல இதை அளந்து, அப்புறம் அதை அளந்தா, வித்தியாசம் டிடெக்டர்லயா லேசர்லயான்னு தெரியாது. அதனால நடுவுல ஒரு சாய்வான பிளேட் வெச்சு, வெளிச்சத்துல ஒரு சின்னப் பங்கை எடுத்து மூணாவது டிடெக்டருக்கு அனுப்பறாங்க. அது சாட்சி மாதிரி. கலோரிமீட்டர் இருக்கும்போதும் சாட்சியோட விகிதம், புது டிடெக்டர் இருக்கும்போதும் சாட்சியோட விகிதம். ரெண்டு விகிதத்தையும் வகுத்தா லேசரோட ஆட்டம் அடிபட்டுப் போயிடும். அந்த சாட்சி எத்தனை ஜூல்னு சொல்லத் தெரியாட்டியும் பரவாயில்ல, முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு மாத்திப் பேசாம இருந்தா போதும்.

புற ஊதாவுக்கே உரிய சில்லறைத் தொல்லைகளும் இருக்கு:

1. ஒளிர்தல். 337 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனா வெள்ளைப் பேப்பரைக் காட்டினா நீலமா ஒரு புள்ளி பளிச்னு தெரியும். பேப்பரை வெள்ளையாக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் அது, சலவைப் பவுடர்லயும் இருக்கு. இதே மாதிரி சில ஃபில்டர் கண்ணாடிகளும் புற ஊதாவைத் தின்னுட்டு வேற நிறத்துல துப்பும். டிடெக்டர் அந்த எச்சிலையும் சேர்த்து எண்ணிடும்.

2. காற்று. 193 நானோமீட்டர்ல காத்துல இருக்கிற ஆக்சிஜனே கொஞ்சம் உறிஞ்சுது. போதாக்குறைக்கு ஓசோனும் உண்டாகும். அதனால கதிர் போற பாதையில நைட்ரஜனை நிரப்பறாங்க. டிடெக்டர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், வழியில திருட்டு நடந்தா அது என்ன பண்ணும்?

3. முதுமை. புற ஊதா படப்பட சிலிக்கான் டையோடோட மேல் அடுக்குல பழுது சேரும், உணர்திறன் குறையும். பைரோ டிடெக்டரோட கறுப்புப் பூச்சும் தேயும். ஜனவரியில சொன்ன எண் டிசம்பர்ல செல்லாது. அளக்கறதே அளக்கற கருவியைக் கெடுக்கிற துறை இது.

சரி, கேள்வி கேட்ட அந்த ஒருத்தர் எங்க அக்கா. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் நாலு. ஆறாவதுலேருந்து கண்ணாடி. போன வருஷம் லேசிக் பண்ணிக்கப் போறேன்னு வீட்டுல சொன்னா. அம்மா உடனே "கண்ணுல போய் கத்தியா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அக்கா எங்கிட்ட வந்து, "டேய், நீ லேசர்தானே படிக்கிற. அது எவ்வளவு சீவணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? கூடச் சீவிட்டா?"ன்னு கேட்டா. கிண்டல் பண்ற குரல் இல்ல அது. நான் "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும் அக்கா"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஒரு நாள் டைம் கேட்டுட்டு, உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

லேசிக்ல கருவிழியைச் செதுக்கறது 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர். அதோட ஆரம்பத்துல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929ல பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். நியூயார்க் பக்கத்துல ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துல ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம்னு ரெண்டு பேரோட வேலை பார்த்தார். 1981 நவம்பர்ல, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு மறுநாள், மிச்சமிருந்த வான்கோழியை லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டார். (நாம தீபாவளிக்கு மறுநாள் மிச்ச மட்டனை காலேஜுக்கு எடுத்துட்டுப் போன மாதிரி.) 193 நானோமீட்டர் பல்ஸை விட்டா சுத்தமா ஒரு பள்ளம், ஓரத்துல தீயல், கருகல் எதுவும் இல்ல. பச்சை லேசரை விட்டுப் பார்த்தாங்க, கருகிப்போச்சு. 1983ல ஸ்டீஃபன் டிரோக்கல்ங்கிற கண் டாக்டரோட சேர்ந்து கருவிழியில இதைக் காட்டினாங்க. அமெரிக்காவுல 1995ல கண் சிகிச்சைக்கு அனுமதி கிடைச்சுது. 2013ல மூணு பேருக்கும் ஒபாமா கையால தேசிய விருது.

இனி அக்காவோட கணக்கு. ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினா, ஒரு பவருக்கு நடுவுல சுமார் 12 மைக்ரான் எடுக்கணும். நாலு பவருக்கு 48 மைக்ரான். ஒரு தலைமுடியோட தடிமன்கூட இல்ல. கருவிழியே நடுவுல சுமார் 540 மைக்ரான்தான். ஒவ்வொரு பல்ஸும் அது விழற இடத்துல எடுக்கிறது கால் மைக்ரான் அளவு.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 50 மில்லி ஜூலுக்குக் கீழ போனா லேசர் வெட்டவே வெட்டாது. சிகிச்சையில 160 போல வைக்கிறாங்க. அந்த ஆற்றல் 10 சதவீதம் கூடிட்டா? வெட்டற ஆழம் நேர் விகிதத்துல கூடாது, கொஞ்சம் குறைவா, 8 சதவீதம் போல கூடும். 48ல 8 சதவீதம்னா கிட்டத்தட்ட 4 மைக்ரான். 4ஐ 12ஆல வகுத்தா மூணுல ஒரு பங்கு பவர். கண்ணாடிக் கடையில பவர் கால் காலாத்தான் ஏறும். அதாவது மெஷினுக்குள்ள இருக்கிற டிடெக்டர் பத்து சதவீதம் தப்பாச் சொன்னா, அக்கா கண்ணாடியைக் கழட்டினதுக்கு மறுமாசமே இன்னொரு கண்ணாடி போட வேண்டி வரலாம். குருடாக மாட்டா. ஆனா இவ்வளவு செலவு பண்ணி, இவ்வளவு பயந்து, திரும்பவும் கண்ணாடியா?

இதை அக்காகிட்ட அப்படியே சொன்னேன். "அப்போ அந்த டிடெக்டரை யாருடா செக் பண்றாங்க?"ன்னா. அடிச்சா பாருங்க சிக்ஸர்! நான் மூணு வருஷம் படிச்சு வந்து நின்ன இடத்துக்கு அவ மூணு நிமிஷத்துல வந்துட்டா.

பரிசோதனைக்குப் போன அன்னிக்கு நானும் கூடப் போனேன். மெஷினைப் பார்த்துக்கிற டெக்னீஷியன் அண்ணன்கிட்ட கேட்டேன். முதல்ல ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டை எடுத்துக் காட்டினார். "தினமும் காலையில மொத பேஷண்டுக்கு முன்னாடி இதுல சுட்டுப் பார்ப்போம் தம்பி. பவர் சரியா விழுந்திருக்கான்னு அளந்து பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்போம். ரூம்ல ஈரப்பதம் எவ்வளவுன்னும் எழுதணும்"னார். நோட்டைக் காட்டினார். தேதி, ரீடிங், கையெழுத்து. பக்கம் பக்கமா.

எனக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடிச்சுது. மெஷினுக்குள்ள இருக்கிற டிடெக்டர் ஒவ்வொரு பல்ஸையும் பார்த்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா அது அதே லேசர்கிட்ட தினமும் அடி வாங்கி மூப்படையற ஆள். தன்னைத் தானே சரின்னு சொல்லிக்கிறதை எப்படி நம்பறது? பிளாஸ்டிக் தகடு வெளியிலேருந்து வர்ற ஆள். "இன்னிக்கு நிஜமா எவ்வளவு வெட்டுச்சு"ங்கிற கேள்வியை மட்டும் கேக்குது. அக்கா அந்த நோட்டை எட்டிப் பார்த்துட்டு, "சரி, பண்ணிக்கலாம்"னா. இப்ப கண்ணாடி இல்லாம எனக்கு முன்னாடி பஸ் நம்பரைப் படிச்சுட்டு அலட்டிக்கிறா.

இதே கேள்வியைக் கேட்டா மாட்டிக்கிற ஆட்களும் இருக்காங்க. கிருமி கொல்ற புற ஊதாப் பெட்டிகள் 2020ல தெருவுக்குத் தெரு வித்துச்சு. "99.9 சதவீதம்"னு அட்டையில போட்டிருக்கும். எந்த இடத்துல, எத்தனை ஜூல், எந்த மீட்டர்ல அளந்தது? ஒண்ணும் இருக்காது. செனான் ஃபிளாஷ் விளக்கு வெச்ச பல்ஸ் கருவிகள்ல இது இன்னும் சிக்கல். அந்த விளக்கு 200லேருந்து 1100 நானோமீட்டர் வரைக்கும் எல்லாத்தையும் கொட்டும். உணவுப் பொருள் மேல இதைப் பயன்படுத்த அமெரிக்க எஃப்.டி.ஏ. 1996ல அனுமதிச்சப்போ, மொத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 12 ஜூலுக்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு வெச்சுது. அது எல்லா நிறமும் சேர்ந்த ஜூல். கிருமியை முக்கியமாக் கொல்றது அதுல ஒரு பங்கா இருக்கிற புற ஊதா. பைரோ டிடெக்டரைக் காட்டினா மொத்தத்தையும் எண்ணிப் பெரிய நம்பர் காட்டும். 254 நானோமீட்டர் பாதரச விளக்குக்குன்னு காலிபரேட் பண்ணின மீட்டரைக் காட்டினா இன்னொரு நம்பர். ரெண்டுமே அதனதன் அளவுல உண்மை. எதைக் கேட்டோம்ங்கிறதுதான் வித்தியாசம்.

நம்ம பாதுகாப்புக்கும் இது பொருந்தும். தோலுக்கும் கண்ணுக்கும் புற ஊதா பண்ற கெடுதல் சேர்ந்துக்கிட்டே போகும். பல்ஸா வந்தாலும் சரி, தொடர்ச்சியா வந்தாலும் சரி. 270 நானோமீட்டர் பக்கம் எட்டு மணி நேரத்துக்கு மொத்தமா சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லி ஜூல்தான் பாதுகாப்பான வரம்பு. பட்ட உடனே வலிக்காது. சில மணி நேரம் கழிச்சு கண்ணுல மணல் கொட்டின மாதிரி உறுத்தும். வெல்டிங் பட்டறையில வேலை பார்க்கிறவங்களைக் கேளுங்க, சொல்வாங்க.

கடைசியா எங்க புராஜெக்ட் பஞ்சாயத்து. எங்ககிட்ட ஒரு எனர்ஜி மீட்டர் இருக்கு. பக்கத்துல ஒட்டின காலிபரேஷன் ஸ்டிக்கர் காலாவதியாகிப் பல வருஷம் ஆச்சு. அனுப்பக் காசு இல்லையாம். முறைப்படி பார்த்தா ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சங்கிலி இருக்கணும். நம்ம மீட்டரை அங்கீகாரம் பெற்ற ஒரு லேப் சரிபார்க்கும், அந்த லேபோட மீட்டரை ஒரு தேசிய அளவியல் கூடம் சரிபார்க்கும் (நம்ம நாட்டுல புதுதில்லி என்.பி.எல்.). அதுக்கு மேல கலோரிமீட்டர், அதுக்கு மேல வோல்ட்டும் ஓமும். அந்த ரெண்டும் கடைசியில ஜோசப்சன் சந்தி, குவாண்டம் ஹால் விளைவுன்னு இயற்கையோட மாறிலிகள்ல போய் நிக்குது. எங்க மீட்டர் அந்தச் சங்கிலியிலேருந்து எப்பவோ கழண்டுடுச்சு.

கூட இருக்கிற ஒரு நண்பன் சொன்னான், "மீட்டர்ல 96 மைக்ரோ ஜூல்னு காட்டுதில்ல, அப்படியே எழுதிடு மச்சி. வைவாவுல யாரு கேக்கப் போறா?". கேட்க மாட்டாங்கதான். ஆனா எங்க அக்காவே கேட்டாளே! அதனால நாங்க ரிப்போர்ட்டுல ஜூல் கணக்கை முடிவுகள்ல போடல. வலை போட்டு எடுத்த விகிதங்களை மட்டும் போட்டோம். விகிதத்துக்கு ஸ்டிக்கர் தேவையில்ல, மீட்டர் அந்த ஒரு மணி நேரத்துக்கு நிலையா இருந்தாலே போதும். மேல நான் சொன்ன 100 மைக்ரோ ஜூலும் அதனாலதான் "சுமார்". கைடு சார் படிச்சுட்டு, "ஏன்பா, ஒரு நம்பர்கூட ஜூல்ல இல்லையே"ன்னு கேட்டார். ஸ்டிக்கரைக் காட்டினோம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "சரி, அடுத்த பட்ஜெட்ல எழுதிப் போடறேன்"னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுதுவாரான்னு பார்ப்போம்.

உங்க காலேஜ் லேப்ல இருக்கிற மீட்டர்கள்ல ஸ்டிக்கர் தேதி என்ன போட்டிருக்குன்னு நாளைக்குப் போய்ப் பாருங்க, பார்த்துட்டுச் சொல்லுங்க. சிரிக்க ஏதாவது கிடைக்கும். அடுத்த தடவை, செமஸ்டர் முடிஞ்சு உயிரோட இருந்தா, ஸ்பார்க் கேப் ஏன் டப் டப்னு கத்துதுன்னு எழுதறேன்.